ஆறு என்று எழுதிய போத்தல்

என் பிள்ளைக்கு,

நீ கப்பலை விட்டிறங்கி, ரயிலேறி, அந்தக் குளிருக்குள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு விடுதிக்குப் போய்ச் சேரும்போது இந்தக் கடிதம் உனக்கு முன்னால் அங்கே வந்து காத்திருக்க வேண்டும். கப்பலுக்கு மூன்று கிழமை, ஆகாயத் தபாலுக்கு ஒரு கிழமை என்று வெள்ளவத்தைத் தபால் கந்தோரில் சொன்னார்கள். அதை நம்பித்தான் எழுதுகிறேன். களைப்பாக இருந்தால் முதலில் ஏதாவது சாப்பிடு, ஒரு நித்திரை கொள். ஆனால் உன்னுடைய இறால் கட்டுரையை, சீமையில் உன் ஆராய்ச்சிக்குப் பொறுப்பாக இருக்கப் போகும் அந்தப் பேராசிரியர் கையில் கொடுப்பதற்கு முன்னால் இதைக் கடைசி வரி வரைக்கும் வாசித்துவிடு. அந்தக் கட்டுரையில் ஒரு பெரிய பிழை இருக்கிறது. பிழை உன்னுடையது இல்லை, என்னுடையது.

விஷயத்தை இரண்டு வரியில் சொல்லி முடிக்கலாம்தான். நான் எதையும் இரண்டு வரியில் முடிக்கிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். கடைக்குப் போய் உப்பு வாங்கி வந்த கதையையே அரை மணித்தியாலம் சொல்லுவேன் என்று அம்மா நக்கலடிப்பாள். இந்த ஒரு முறை பொறுத்துக்கொள். ஒரு போத்தலில் பிழையான லேபலை ஒட்டியவன் தான் வேலை செய்த இடத்தை எவ்வளவு நேசித்தவன் என்பதைச் சொல்லாமல், பிழையை மட்டும் தனியே பிடுங்கி உன் கையில் தர எனக்கு மனம் வரவில்லை.

இருபது வருஷத்துக்கு முன்னால் நாங்கள் கொட்டாஞ்சேனையில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். நீ அப்போது நாலு வயதுப் பிள்ளை. நான் ஒரு மருந்துக்கடையில் போத்தல் கழுவிக்கொண்டிருந்தேன். கல்லூரியில் விலங்கியல் பகுதிக்கு ஒரு உதவியாள் வேண்டுமாம் என்று கேள்விப்பட்டுப் போனேன். கண்ணாடிச் சாமானை உடைக்காமல் கழுவத் தெரியுமா என்று மட்டும் கேட்டார்கள். தெரியும் என்றேன். அவ்வளவுதான், வேலை கிடைத்துவிட்டது. முதல் நாள் அந்த நீண்ட அறைக்குள் போய் நின்றபோது, செருப்போடு கோயிலுக்குள் வந்துவிட்டவனைப் போல எனக்குக் கூச்சமாக இருந்தது. வடக்குச் சுவர் முழுவதும் சன்னல். வெயில் நேரே விழாது, வெளிச்சம் மட்டும் வரும். சன்னலடியில் வரிசையாகப் பித்தளை மைக்ரோஸ்கோப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மரப்பெட்டி, பெட்டிப் பூட்டுக்கு ஒரு திறப்பு, திறப்புக்கு ஓர் இலக்கம். மூலையில் செம்பினால் செய்த காய்ச்சி வடிக்கும் பாத்திரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரை இறக்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில், மெழுகை உறையவும் விடாமல் கொதிக்கவும் விடாமல் உருகிய பதத்திலேயே வைத்திருக்கும் சூட்டுப்பெட்டி. எல்லாவற்றுக்கும் மேலாக மைக்ரோடோம் என்ற அந்தச் சீவும் இயந்திரம். கைப்பிடியை ஒருதரம் ஆட்டினால், மெழுகுக்குள் பதித்து வைத்த மண்புழுவிலிருந்து வெங்காயத் தோலை விட மெல்லிசாக ஒரு துண்டு சீவி வரும். அடுத்த துண்டு அதன் வாலில் ஒட்டிக்கொண்டு வரும். அப்படியே நாடா போல நீண்டுகொண்டு போகும். அன்று வீட்டுக்கு வந்து அம்மாவுக்குக் கையால் ஆட்டிக் காட்டினேன். "மண்புழுவை ஏனப்பா சீவினம்?" என்று கேட்டாள். எனக்கும் தெரியாது. ஏன் என்று தெரியாமலே அந்த வேலையில் மயங்கிவிட்டேன்.

கொழும்புக் காற்று இருக்கிறதே, அது இந்தச் சாமான்களுக்கு ஜன்மப் பகை. இரண்டு நாள் கவனிக்காமல் விட்டால் லென்சில் பூஞ்சணம் பிடிக்கும். மூன்றாம் நாள் கத்தி துருப்பிடிக்கும். பூச்சிகளைக் குத்தி வைத்த பெட்டிகளை எறும்பு தேடி வரும். அதனால் லென்ஸ் அலுமாரிக்குள் இராப்பகலாக ஒரு மின்குமிழ் எரியும், அலுமாரிக் கால்கள் தண்ணீர் விட்ட தகரப் பேணிகளுக்குள் நிற்கும். அந்தப் பேணிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதுதான் காலையில் என் முதல் வேலை. சீமையிலிருந்து வந்த சாமானைச் சீமைக்காரர் இப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நான் பெருமையடித்துக்கொள்வேன். நீ இப்போது அங்கே போய்ப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும், நான் சொன்னது சரியா பிழையா என்று.

சின்ன சேரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீ மாணவியாக வரும்போது அவர் அங்கே இல்லை. பகுதித் தலைவரைப் பெரிய சேர் என்றும் இவரைச் சின்ன சேர் என்றும் நாங்கள் வேலையாட்கள் வைத்த பெயர். வெள்ளவத்தையில் குடியிருந்த யாழ்ப்பாணத்தவர், அப்போதுதான் விரிவுரையாளராக வந்திருந்தார். நான் சேர்ந்த முதல் வருஷமே அவருடைய மைக்ரோஸ்கோப்பின் மிகச் சிறந்த லென்சைப் பழுதாக்கினேன். மருந்துக்கடைப் பழக்கத்தில், பளிச்சென்று வரட்டும் என்று ஸ்பிரிட்டில் தோய்த்துத் துடைத்தேன். பளிச்சென்று வரவில்லை. உள்ளே புகை பிடித்தது போல ஆகிவிட்டது. வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டு அந்த நேரமே அவரிடம் போனேன்.

"சேர், நான் ஒரு லென்சைப் பழுதாக்கிப் போட்டன்."

"எதாலை துடைச்சனீர்?"

"ஸ்பிரிட்டாலை, சேர்."

"அதுக்குள்ளை ரண்டு கண்ணாடியைப் பசை வைச்சு ஒட்டியிருக்கு. ஸ்பிரிட்டிலை அந்தப் பசை கரைஞ்சு போம். ஆரும் உமக்குச் சொல்லேல்லையோ?"

"இல்லை, சேர்."

"அப்ப அது எங்கடை பிழை. நல்ல காலம் வந்து சொன்னனீர். சொல்லாமல் விட்டிருந்தா, நான் அந்தப் புகையையும் பூச்சியின்ரை ஒரு உறுப்பெண்டு நினைச்சுக் கீறியிருப்பன்."

அவ்வளவுதான் நடந்தது. ஒரு சத்தம் இல்லை. லென்ஸ் கப்பலில் போய்த் திருத்தப்பட்டு வந்தது. ஒரு கண்ணாடியில் நான் செய்யும் காரியம் இன்னொரு மனிதர் கீறும் படத்தில் போய் விழும் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. போத்தல் கழுவுகிறவன் என்ற எண்ணம் அன்றோடு என்னை விட்டுப் போய்விட்டது.

உனக்கு ஒன்பது வயதில் ஒரு சனிக்கிழமை உன்னை அங்கே கூட்டிக்கொண்டு போனது நினைவிருக்கிறதா? அம்மாவுக்குக் காய்ச்சல், உன்னை விட இடமில்லை. குளத்துத் தண்ணீரில் ஒரு துளியை வைத்துப் பார்க்கச் சொன்னேன். நீ பார்த்துக்கொண்டே கண்ணாடித் தகட்டை விரலால் தள்ளினாய். பிறகு சிரித்தாய். "ஐயா, நான் இங்காலை தள்ளினா அது அங்காலை போகுது" என்றாய். நான் அந்த மைக்ரோஸ்கோப்புகளை அஞ்சு வருஷமாகத் துடைத்தவன். அவற்றின் திருகாணி ஒவ்வொன்றின் குணமும் தெரியும். ஆனால் உள்ளே எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும் என்று எனக்கே தெரியாது. நீ சொன்ன பிறகு நானும் குனிந்து தள்ளிப் பார்த்தேன். அன்றைக்கே நினைத்தேன், இவள் இந்தக் கண்ணாடிகளுக்குப் பின்னால் நிற்கப் போகிறவள் இல்லை, முன்னால் இருக்கப் போகிறவள் என்று. பெற்ற பிள்ளையைக் கண்டு வியப்பது அழகில்லை என்பார்கள். எனக்கு அந்த அழகு வேண்டாம்.

இனி அந்தப் போத்தலுக்கு வருகிறேன். போருக்கு முந்தின வருஷம் சின்ன சேர் கொழும்புக்கு வடக்கே, கடலோடு போய்ச் சேரும் களப்பில் இறால் சேகரிக்கப் போனார். நானும் போனேன். களப்பில் எட்டு இடங்களைக் குறித்து வைத்திருந்தார். ஒவ்வோர் இடத்திலும் வலை போட்டு, கிடைத்ததைத் தனித்தனிப் போத்தலில் ஸ்பிரிட்டு விட்டு அடைக்க வேண்டும். போத்தலுக்கு உள்ளேயே தடித்த தாளில் பென்சிலால் இடத்தை எழுதிப் போட வேண்டும். மை கரைந்துவிடும், பென்சில் எழுத்து எத்தனை வருஷமானாலும் கரையாது. இலக்கத்தில் எழுதினால் என் ஒன்றும் ஏழும் ஒரே மாதிரி இருக்கிறது என்று சின்ன சேர் முன்பொரு தரம் சொல்லியிருந்தார். அதனால் மிகவும் கவனமாக இருப்பதாக எண்ணிக்கொண்டு, அன்று இலக்கத்தை விட்டுவிட்டுத் தமிழில் சொல்லாகவே எழுதினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. அடுத்தது கடல்வாய்க்குப் பக்கத்தில், தண்ணீர் நல்ல உப்பாக இருக்கும் இடம். அங்கே போகிற நேரம் காற்று எழும்பிவிட்டது. தோணிக்காரன் துடுப்பை மடியில் வைத்துவிட்டு, "பே மாத்தயா, ஹுளங்க வெடியி" என்றான். காற்று அதிகம், தன்னால் ஏலாது என்று சிங்களத்தில் சொல்கிறான். சின்ன சேர் கொஞ்ச நேரம் கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, ஆறை விடும். பிறகொரு நாளைக்கு வருவம்" என்றார். காற்றடிக்காத கரையோரம் போய் ஏழாவதையும் எட்டாவதையும் மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பினோம்.

கொழும்புக்குள் நுழையுமுன் களனி ஆற்றங்கரையில் காரை நிறுத்தச் சொன்னார். நல்ல தண்ணீர் இறாலும் ஒரு போத்தல் இருக்கட்டும், ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று ஒரு வலை போட்டோம். மழை தூறிக்கொண்டிருந்தது. களனி ஆறு என்று முழுவதும் எழுதத் தாளில் தாராளமாக இடமிருந்தது. நான் அவசரத்தில் 'ஆறு' என்று மட்டும் எழுதிப் போத்தலுக்குள் போட்டேன். இந்நேரம் உனக்கு விளங்கியிருக்கும். வாசிப்பதை நிறுத்தாதே.

அடுத்த நாள் சின்ன சேர் தன் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, போத்தல்களின் வெளிப்புறத்தில் இங்கிலீசில் லேபல் எழுதி ஒட்டினேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு போர் வந்தது. சின்ன சேர் படையோடு மலேரியா வேலைக்கென்று பர்மாப் பக்கம் போனார், திரும்பி வரவில்லை. அந்தக் குறிப்புப் புத்தகமும் அவருடைய சாமான்களோடு எங்கேயோ போய்விட்டது. எங்கள் கட்டடத்தைப் படைக்குக் கொடுத்துவிட்டு, நாங்கள் தேயிலைப் பெட்டிகளில் தும்பு அடைத்துப் போத்தல்களை அடுக்கி லொறியில் நுகேகொடையில் ஒரு வீட்டுக்குக் கொண்டு போனோம். கல்லூரி பல்கலைக்கழகமாகி, நீ அதில் கால் வைத்தது அந்தக் காலத்தில்தான். படிப்பதற்கு நல்ல கட்டடம் கூடக் கிடைக்காத பிள்ளைகள் என்று மற்றவர்கள் உங்களைப் பார்த்து இரங்கினார்கள். நான் ஒரு நாளும் இரங்கியதில்லை. அந்த வீட்டின் சாப்பாட்டு அறையில், கதவைக் கழற்றி மேசையாக்கி, நீங்கள் வேலை செய்த மாதிரி வேலையை நான் பெரிய கட்டடத்தில் கண்டதில்லை. கப்பல் வராமல் கண்ணாடித் தகடு தீர்ந்தபோது, படம் பிடிக்கிற கடைகளில் பழைய கண்ணாடி நெகட்டிவ்களை வாங்கி, அவித்துச் சுரண்டி, வைர ஊசியால் வெட்டினோம். மெழுகு தட்டுப்பாடானபோது நான் கொட்டாஞ்சேனைக்குப் போய் மாதா கோயிலில் எரிந்து முடிந்த மெழுகுதிரிக் கட்டைகளைக் கேட்டு வாங்கி வந்தேன். அந்தத் தேன்மெழுகைக் கொஞ்சம் கலந்தால் நாடா அறாமல் வரும் என்று கண்டுபிடித்தவள் நீ. மைக்ரோடோமில் இருந்து நீ எடுத்த அந்த நாடாவைத் தண்ணீரில் மிதக்க விட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினைந்து வருஷம் நான் அந்தக் கைப்பிடியைச் சுத்தம் செய்திருக்கிறேன், அப்படி ஒன்று என் கையால் வந்ததில்லை. உனக்கு அன்று ஒன்றும் சொல்லவில்லை. இப்போது சொல்லுகிறேன்.

போர் முடிந்து பழைய கட்டடத்துக்குத் திரும்பி வந்து பெட்டிகளைத் திறந்தால், வெளி லேபல்களில் பாதி இல்லை. கோதுமைப் பசையால் ஒட்டியது, நுகேகொடைக் கரப்பான்கள் ஆசை தீரத் தின்றிருந்தன. களப்பு வரிசையில் ஒரு லேபல் கூட மிஞ்சவில்லை. பரவாயில்லை, உள்ளே பென்சில் தாள் இருக்கிறதே என்று ஒவ்வொன்றாகக் கண்ணாடியூடாகப் பார்த்து எழுதினேன். ஒன்று, இரண்டு என்று போய், ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவே ஓர் இடம் காலியாக இருந்தது. கையில் 'ஆறு' என்ற தாளோடு ஒரு போத்தல் இருந்தது. சின்ன சேர் தோணியில் சொன்னது அந்த நேரம் எனக்கு நினைவுக்கு வரவில்லை. லொறியில் இரண்டு போத்தல் உடைந்திருந்தன, ஆற்றுப் போத்தல் அதில் ஒன்றாக இருக்கும் என்று என்பாட்டில் முடிவு கட்டிவிட்டேன். வயதாகிவிட்டது, மறந்துவிட்டேன் என்று சாக்குச் சொல்லலாம். உண்மை அதுவல்ல. வரிசை ஒன்றிலிருந்து எட்டு வரைக்கும் நிறைந்து நின்றது எனக்குப் பிடித்திருந்தது. அந்த அலுமாரியில் ஓட்டை விழுந்த ஒரு வரிசையைப் பார்க்க எனக்கு மனமில்லை. நல்ல கறுப்பு மையால், அழகான எழுத்தில், ஸ்டேஷன் சிக்ஸ் என்று எழுதி ஒட்டினேன்.

அந்த வரிசையைத்தான் நீ எடுத்து ஆராய்ந்தாய். எண்ணி, அளந்து, காலையும் கொடுக்கையும் கீறி, ஒரு வருஷம் மினக்கெட்டாய். நல்ல தண்ணீரில் மட்டும் வாழும் என்று எல்லாரும் எழுதி வைத்திருக்கும் அந்தச் சின்ன இறால், கடல்வாயின் உப்பிலும் வாழ்கிறது என்று கண்டாய். உப்பை அது எப்படித் தாங்குகிறது என்பதை அங்கே மூன்று வருஷம் இருந்து ஆராய்வதற்கு அந்தப் பேராசிரியரிடம் கேட்கப் போகிறாய். அந்த மூன்று வருஷமும் ஒரே ஒரு போத்தலின் மேல் நிற்கிறது.

எனக்கு எப்போது தெரிந்தது என்று கேட்பாய். நீ புறப்படுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, கட்டுரையை எடுத்து வைத்து அம்மாவுக்காகத் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தாயே, அப்போதுதான். இங்கிலீசில் நீ சொல்லி எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன், அதில் அது வெறும் இலக்கம். அன்று நீ, "ஆறாம் இடத்துப் போத்தலிலைதான் அம்மா, அந்த இறால் இருந்தது" என்றாய். அந்தச் சொல்லைத் தமிழில் கேட்டதும், "ஆறை விடும்" என்று சின்ன சேர் சொன்னது என் காதுக்குள் கேட்டது. காற்றும் தோணிக்காரனும் எல்லாம் ஒன்றாக வந்தன. அந்த நேரம் பார்த்து அம்மா ஒரு கேள்வி கேட்டாள். படிப்பில்லாதவள், ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"அது உப்புத் தண்ணியிலை பிடிச்சதெண்டு எப்பிடிப் பிள்ளை நிச்சயம்?"

"ஐயாவின்ரை கையெழுத்து அம்மா. அதுக்கு மேலை என்ன நிச்சயம் வேணும்?"

நான் அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். நீ கடைசித் தாளைப் புரட்டி, நன்றி சொல்லும் இடத்தை வாசித்தாய். பெரிய சேருக்கு, சின்ன சேரின் நினைவுக்கு, பிறகு என் முழுப் பெயர், முன்னால் ஒரு மிஸ்டர். மாதிரிகளை இருபது வருஷம் காத்து வைத்தவர் என்று ஒரு வரி. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். என் பெயர் சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் எழுதப்பட்டதில்லை, பிள்ளை. அது லண்டனில் அச்சில் வரப் போகிறது. அந்த ஒரு வரிக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை.

திங்கட்கிழமை காலை, நான் நினைத்தது பிழையாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு போத்தலைத் திறந்து, தாளைக் குறட்டால் வெளியே எடுத்தேன். 'ஆறு'. அந்த ஒரு சொல்தான், எந்த ஆறு என்று இல்லை. அடியில் இறால்களோடு ஒரு நீர்ப்பூண்டின் கிழிந்த இலையும் கிடந்தது. ஆற்றங்கரையில் முளைக்கிற சாதி அது. அதற்குப் பிறகும் ஐந்து நாள் இருந்தது. நீ பெட்டி கட்டினாய், நான் கயிறு பிடித்தேன். துறைமுகத்தில் கப்பலுக்குப் போகும் படகில் ஏறுமுன் நீ என் முகத்தைப் பார்த்து, "ஐயா, என்ன ஒரு மாதிரி இருக்கிறியள்?" என்று கேட்டாய். "ஒண்டுமில்லை பிள்ளை, வெய்யில்" என்றேன். முதற் பிழை தெரியாமல் செய்தது. இதைத் தெரிந்துகொண்டே செய்தேன்.

நீ போன பிறகும் சொல்லாமலே இருந்திருப்பேனோ என்னவோ. போன வெள்ளிக்கிழமை நீ படிப்பித்த இடத்துக்கு வந்திருக்கிற புது விரிவுரையாளர் முதலாம் வருஷ வகுப்புக்கு அந்தப் போத்தலைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டு போய் வைத்தேன். நம்முடைய பகுதியிலேயே படித்த ஒருவரின் கண்டுபிடிப்பு என்று உன் பெயரைச் சொல்லி, ஸ்டேஷன் சிக்ஸில் இருந்து எடுத்தது என்றார். முப்பது பிள்ளைகளும் குனிந்து அதை எழுதிக்கொண்டார்கள். நான் தட்டோடு பின்னால் நின்றேன். சின்ன சேர் கீறாமல் தப்பிய அந்தப் புகையை இவர்கள் எல்லாரும் கீறிக்கொண்டிருந்தார்கள். வகுப்பு முடிய, போத்தலையும் அதன் தாளையும் எடுத்துக்கொண்டு நேரே பெரிய சேரின் அறைக்குப் போனேன்.

அவர் இங்கிலீசில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன். எல்லாவற்றையும் கேட்டார். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரே சொல்லில் ஆற்றுக்கும் இலக்கத்துக்கும் பெயர் வைத்த மொழி உங்களுடையதுதானா என்றார், சிரிக்கவில்லை. எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டார். பன்னிரண்டு நாள் என்றேன். அது நீண்ட காலம் என்று மட்டும் சொன்னார். பிறகு நல்ல மனதோடு ஒரு வழி சொன்னார். போர்க்கால இடமாற்றத்தில் லேபல்கள் குழம்பிவிட்டன என்று நீ ஒரு வரி எழுதி, அந்தப் போத்தலைக் கட்டுரையிலிருந்து எடுத்துவிட்டால் போதும், யார் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள், அது பொய்யும் இல்லை என்றார். அவரை நான் என்றைக்கும் மதிப்பேன். ஆனால், "போர் எழுதேல்லை சேர், நான்தான் எழுதினது" என்று தமிழில் சொல்லிவிட்டேன். பிறகு அதை இங்கிலீசிலும் சொன்னேன். அவர் ஒரு புதுத் தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். போத்தலுக்குச் சரியான லேபலை என் கையாலேயே எழுதினேன். இம்முறை ஆற்றின் பெயரை முழுவதும் எழுதினேன். களப்பு வரிசையில் ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவே இப்போது ஓர் இடம் காலியாக இருக்கிறது.

உன் கட்டுரையில் மற்ற ஏழு போத்தலும் சரி. நீ அளந்தது சரி, கீறியது சரி, எண்ணியது சரி. நீ தொட்ட எதுவும் பிழையில்லை. அந்த இறால் உப்பில் வாழ்கிறது என்பது மட்டும் சரியில்லை. அது உன் கட்டுரையின் உயிர் என்று எனக்குத் தெரியும். அதை உன்னிடமிருந்து நான்தான் பறிக்கிறேன். இப்போது பறிக்காவிட்டால் மூன்று வருஷம் கழித்து வேறு யாராவது எல்லாருக்கும் முன்னால் பறிப்பார்கள், அப்போது பிழை உன் பெயரில் இருக்கும். உனக்கு நான் புத்தி சொல்லும் நிலையில் இல்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இனி யாருடைய கையெழுத்தாக இருந்தாலும், எழுதினவன் உயிரோடு இருந்தால் அவனைக் கூப்பிட்டுக் கேள். நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன்.

நன்றி சொல்லும் இடத்தில் இருந்து என் பெயரை எடுத்துவிடு. எடுக்காதே என்று எழுதத்தான் கை போகிறது, அதனால்தான் சொல்லுகிறேன், எடுத்துவிடு. போத்தலைப் பற்றிச் சொல்லும் இடத்தில் போடு. உதவியாள் ஒருவரின் தவறு என்று எழுதாதே, இங்கே உதவியாட்கள் பலர், மற்றவர்கள் மேல் பழி விழும். முழுப் பெயரை எழுது. மிஸ்டர் வேண்டாம்.

அம்மாவுக்கு நேற்றுத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் சுளகைக் கீழே வைத்தாள். "எழுதிப் போடுங்கோ. அவள் அழுவாள். அழுதிட்டுத் திருத்துவாள்" என்றாள். பிறகு சுளகை எடுத்துக்கொண்டாள்.

எனக்குப் பதில் போடு. எவ்வளவு கோபம் வருகிறதோ அவ்வளவையும் எழுது, இரண்டு தாள் மூன்று தாள் ஆனாலும் எழுது, ஒரு சொல்லையும் எனக்காக விழுங்காதே. முதல் வரியில் மட்டும் 'அன்புள்ள ஐயாவுக்கு' என்று எழுது. அன்பு வராவிட்டால் அந்தச் சொல்லை விட்டுவிடு. ஐயாவுக்கு என்று இருந்தால் போதும்.

இதை எழுதினவன்,
ஐயா